உப்பங்கரையில் ஓர் ஊர்



புதுச்சேரியிலிருந்து வடக்கே மரக்காணம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் இடைவழியில் கீழ்புத்துப்பட்டு என்னும் ஊரைக் கடக்கின்றனர். பேருந்தில் செல்பவருக்கு அது ஒரு நிறுத்தம். குலதெய்வம் தேடி வருபவருக்கு அது ஐயனார் கோயில். வேறு சிலருக்கு அது இன்னொன்றாகவும் இருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்வேன். இச்சிற்றூரையும் இதனைச் சூழ்ந்த உப்பங்கரையையும் கொண்டு, ஊர் என்பது எவ்வாறு ஊராகிறது என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். இப்பகுதிப் பள்ளி ஒன்றில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, வரலாற்றினூடே என் வகுப்பறையும் வந்து நுழைந்தால் பொறுத்தருள்க.

இக்கரையைப் பற்றிய பழைய சான்று ஒன்று சங்கப் பாட்டிலேயே கிடைக்கின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழி நாடு மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலம். இன்றும் அப்பெயரில் ஒரு பேரூராட்சி உண்டு. ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தது அப்பாட்டு. அதில் வரும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர். அப்பாட்டில் வழி சொல்லும் முறையைக் கவனியுங்கள். இத்தனை காதம் சென்றால் இன்ன ஊர் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. பட்டினத்தில் பரதவர் வீட்டில் இன்னது கிடைக்கும், சுட்ட குழல்மீன் கிடைக்கும். அடுத்த ஊரில் வேட்டுவர் குடிலில் இன்னது கிடைக்கும் என்று வீடு வீடாகச் சொல்லிச் செல்கிறான். அவன் வரையும் நிலப்படத்தில் ஊர்களுக்கு அடையாளம் கோட்டையும் அன்று, கொடியும் அன்று, அடுப்பு! முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கு எந்த வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதே ஊரின் அடையாளமாகக் கொள்ளப்பட்டிருக்கிறது. நான் படித்த வரலாற்று நூல்களில் பல, அரசர் பெயர்களை அடுக்கிவிட்டு இந்த அடுப்பை விட்டுவிட்டன.

மரக்காணத்தில் பூமீசுவரர் கோயில் இருக்கின்றது. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. அவ்வூருக்கு மேற்கிலும் தெற்கிலும் கழுவெளி என்னும் பெரிய நீர்ப்பரப்பு, ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் அளவில் விரிந்து கிடக்கின்றது. மழைக்காலத்தில் நன்னீர் நிறைந்து, கோடையில் உவர்ப்பேறி வற்றும் இந்நீர்நிலை எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு கலக்கிறது. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இதனைப் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. பறவைகளுக்கு அதற்கு முன்னரே இது தெரிந்திருந்தது என்பது வேறு செய்தி.

இனி உப்பளத்துக்கு வருவோம். பொங்கல் கழிந்த பின்னர்ப் பாத்திகளைச் செப்பனிடுவர். தரையை மிதித்து மிதித்து இறுக்குவர். உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, வெயில் காய்ச்சக் காய்ச்ச, இறுதிப் பாத்தியில் உப்புப் பூத்து நிற்கும். அதனைப் பலகையால் வாரி வரப்பில் கூட்டி, மேட்டில் அம்பாரமாகக் குவித்து, கீற்று வேய்ந்து மூடுவர். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஆண்டில் சில மாதங்களே வேலை; மற்ற மாதங்களில் கடனோ, கூலி வயலோ, வெளியூரோ. வெள்ளை வெளேரென்ற தரையில் நாள் முழுதும் நிற்பதால் கண் கூசும். காலில் வெடிப்பு மாறாது. கிராம வாழ்க்கையின் இனிமையைப் பேசுவோர் இந்தக் கால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நலம். ஆயினும் ஒன்று சொல்வேன். தனி ஒருவன் உப்பு விளைவிக்க இயலாது. மேல்பாத்திக்காரன் நீர் விட்டாலன்றிக் கீழ்ப்பாத்திக்காரனுக்கு வாழ்வில்லை. இரவில் மேகம் கூடினால், கீற்றோடு ஓடி வரும் கைகள் யாருடைய அம்பாரம் என்று கேட்பதில்லை. அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவனும் அன்றிரவு கூப்பிட்டே ஆகவேண்டும். ஊர் ஒற்றுமை நல்லெண்ணத்தால் மட்டும் வளர்வதில்லை. மழைக்கு அஞ்சியும் வளரும்.

இவ்வுப்பைச் சென்னைக்குக் கொண்டு சென்றது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய சிறு கால்வாய் இருபுறமும் வளர்ந்து, தெற்கே மரக்காணத்தில் முடிந்தது. 1877–78 பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டது. அக்கால ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கும் அமைந்தது. பசித்தவர் வெட்டினர், பெயர் கோமகனுக்குப் போயிற்று. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் நெடுங்காலம் சென்றன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களில் கால்வாய் சிதைந்த பின்னர் அப்போக்குவரத்து நலிந்தது.

உப்பின் மீது அரசின் கை விழுந்த கதையை மாணவர்கள் அறிவீர்கள். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது 1805இல். அதன்பின், வாசலில் கிடக்கும் உப்பை அள்ளிச் சோற்றில் இட்டாலும் குற்றம். 1930 ஏப்ரலில் இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்கள் நடந்தது இதனால்தான். ஆனால் பாடநூல்கள் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. 1931 மார்ச் 5ஆம் நாள் காந்தியடிகளும் இர்வின் பிரபுவும் செய்துகொண்ட உடன்படிக்கையில் உப்பைப் பற்றி ஒரு பிரிவு இருக்கின்றது. உப்பு விளையும் இடத்தை அடுத்துள்ள ஊரார் தம் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம். அவ்வூருக்குள் விற்கவும் செய்யலாம். ஊருக்கு வெளியே உள்ளோருக்கு விற்றல் கூடாது. உப்பு வரி முழுமையாக நீங்கியது 1947இல். அதுவரை வீட்டுப் பானைக்கும் ஊர் எல்லைக்கும் சட்டம் கொடுத்த மதிப்பு இது. இவ்வுடன்படிக்கையைப் பாடம் நடத்திய ஒவ்வோர் ஆண்டும் ஒரு வினாவை நான் மாணவரிடம் கேட்பதுண்டு: ‘ஊரார் என்பவர் யார்?’ உடனே விடை வரும்: ‘ஊரில் இருப்பவர், ஐயா.’ அந்த விடைக்கு நானும் மதிப்பெண் தந்துவந்தேன்.

கீழ்புத்துப்பட்டில் அந்த விடை போதாமற் போயிற்று.

முதலில் ஐயனார் கோயிலை எடுத்துக்கொள்வோம். பூரணை, புட்கலையுடன் மஞ்சனீசுவரர் ஐயனார் எழுந்தருளியிருக்கும் இக்கோயிலைச் சுற்றிப் பழைய காடு ஒன்று காக்கப்பட்டு வந்துள்ளது. கோடையிலும் இலை உதிர்க்காத இவ்வகைக் காடு சோழமண்டலக் கரைக்கே உரியது. பிற இடங்களில் விறகுக்கும் வயலுக்கும் அழிந்தது, இங்கே சாமியின் மீதிருந்த அச்சத்தால் பிழைத்தது. பல ஊர்களில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். பிள்ளைக்கு முடி இறக்கவும் காது குத்தவும் அவர்கள் இங்கு வருவர். மரத்தடியில் கல் கூட்டிப் பொங்கலிடுவர். இங்கே அவர்களுக்கு வீடில்லை, நிலமில்லை, வாக்குரிமையுமில்லை. ஆயினும் ‘எங்கள் கோயில்’ என்றே சொல்வர், யாரும் மறுப்பதில்லை. ஊரில் இல்லாதவரும் ஊராராதல் இது.

மறுபக்கம் ஒன்று உண்டு. இவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கின்றது. 1983 சூலைக் கலவரத்தின் பின்னும், 1990 சூனில் போர் மீண்டும் மூண்ட பின்னும், கடல் கடந்து இராமேசுவரம் வந்து மண்டபம் முகாமில் பதிந்தவர்கள் தமிழகம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். முகாம் என்றால் தற்காலிகம் என்று பொருள். ஆனால் அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து, மணந்து, அவர்தம் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்துவிட்டனர். பல முகாம்களில் பத்தடிக்குப் பத்தடி அறையே வீடு. அதன் முன்னே ஒரு சாண் இடத்தில் செம்பருத்தி வைப்பர். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளையே குறித்தது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயரிட்டது. புதிய வீடுகள் கட்டித் தரவும் அறிவித்தது. பெயர் சிறியதொரு செய்திதான். அப்பெயரைப் பள்ளிச் சான்றிதழில் சுமக்கும் பிள்ளைக்கு அது சிறியதன்று.

என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்பினருக்கு ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஆனையிறவு உப்பளத்தைப் பற்றி எழுதியிருந்தாள். நீரேரி, தொடர்ந்து வீசும் சோழகக் காற்று, உப்பு மூட்டை ஏற்றும் ஒழுங்கு, வீட்டு முற்றத்து முருங்கை என அனைத்தும் அதில் இருந்தன. நல்ல தமிழ். ஆனால் அவள் பிறந்தது இங்கே, அவ்வூரைக் கண்டதில்லை. எனவே ஓரத்தில் சிவப்பு மையால் ‘கண்டதை எழுதுக’ என்று குறித்து, மதிப்பெண்ணைக் குறைத்தேன். மறுநாள் அவள் ஏட்டைக் கொண்டுவந்து நின்றாள். ‘எது என் ஊர் என்று நீங்கள் சொல்லுங்கள், ஐயா. அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்’ என்றாள். துடுக்குத்தனம் ஒன்றும் இல்லை அக்குரலில். உண்மையாகவே கேட்டாள். நான் மாணவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்திலேயே ஒரு சிறு கோடு இழுத்திருந்தேன்.

குறைத்த மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுரைக்கு ஊற்று அவள் பாட்டி என்று தெரிந்தது. போகும்போது மரக்காணத்து உப்பு ஒரு படி வாங்கிச் சென்றேன். ஏன் என்று இன்றும் எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அம்மூதாட்டி ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், நாக்கில் வைத்தார். ‘மாஸ்டர், இது சின்னக் கல்லு. எங்கட உப்பு தடிப்பு’ என்றார். பிறகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சொதியில் அந்த உப்பையே இட்டு, என்னைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.