கயிறு பிடித்த மந்திரி

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிப்பதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் யார் பிடிக்க வேண்டும்? மச்சான்தான் பிடிக்க வேண்டுமாம். அண்ணன் தம்பிகூட வேண்டாம். தங்கச்சி தாலி பற்றிய கவலை மச்சானுக்குத்தானே இருக்கும்!

விளையாட்டுப் பேச்சில்லை. ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்குக் கல்லின் பாரத்தோடு இறங்குகிறவன் ஒரு நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம் மூச்சடக்குவான். கயிறு அசைந்ததும் மேலே இருப்பவர் இழுத்தாக வேண்டும். பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

டெல்லியில் இப்படிக் கயிறு பிடிப்பதற்கென்றே ஒரு அமைச்சகம் இருந்தது. ஆயுசு பத்து மாதம்கூட நிரம்பவில்லை. அதன் மந்திரி இந்த முத்துக் கடற்கரையின் எம்.பி.!

தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக் குளித்தது 1961-ல். மறு வருஷம் பொதுத் தேர்தல். திருச்செந்தூர் தொகுதியில் போட்டியே இல்லாமல் ஜெயித்தார் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1958-ல் முந்த்ரா விவகாரத்தில் (எல்.ஐ.சி. பணத்தை ஒரு தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் கொட்டிய கதை) நிதி மந்திரி பதவியை இழந்தவர். ஜூன் மாதம் நேரு அவரை மறுபடி மந்திரியாக்கினார். என்ன இலாகா? ஒன்றுமில்லை. இலாகா இல்லாத மந்திரி!

அக்டோபர் 20, 1962. சீனப் படை எல்லை தாண்டியது. மலைக் குளிருக்கேற்ற உடுப்புகூட இல்லாமல் நம் ஜவான்கள் நின்றார்கள். ஊரே கிருஷ்ண மேனனைத் திட்டியது. நேரு பாதுகாப்பைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, மேனனுக்கு 'பாதுகாப்பு உற்பத்தி' என்று புது இலாகா கொடுத்துப் பார்த்தார். ஒரே வாரம். மேனன் வீட்டுக்குப் போனார்.

அந்த நவம்பரில்தான் பிறந்தது 'பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சகம்'. மந்திரி, டி.டி.கே.

பெயரைப் படிக்கவே மூச்சு முட்டுகிறதா? விஷயம் எளிது. சண்டை போடுவது ராணுவம். ஆனால் அதற்கு வேண்டிய துணியும் பூட்ஸும் லாரியும் இரும்பும் எங்கிருந்து வரும்? சாதாரண ஆலைகளிலிருந்து. ஆலைக்கு மின்சாரம் வேண்டும், ரயில் வேகன் வேண்டும், வெளிநாட்டு மிஷினுக்கு டாலர் வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அமைச்சகத்தின் கையில். இவர்களை ஒரே திசையில் இழுக்க ஒரு ஆள் தேவைப்பட்டார். அரசாங்கக் கொள்முதலைக் கவனிக்கும் சப்ளை பிரிவும் இந்த அமைச்சகத்துக்குள் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஜெய்சுக்லால் ஹாத்தி.

வெளிநாட்டு உதவியும் வேண்டியிருந்தது. 1962 டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து 12 கோடி டாலர் அவசர ராணுவ உதவிக்கு ஒப்புக்கொண்டிருந்தன. 1963 மே மாதம், மேற்கொண்டு பேச டி.டி.கே. வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்தார்.

சிக்கல் உள்ளூரில்தான். 1963-64 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 867 கோடி ரூபாய். முந்தைய வருஷம் முதலில் போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அந்தப் பணப்பெட்டியின் சாவி மொரார்ஜி தேசாயிடம். ராணுவம் ஒய்.பி.சவானிடம். தொழிற்சாலைகள் வேறொருவரிடம், ரயில் இன்னொருவரிடம். கயிறு பிடிக்க வந்தவர் கையில் கயிற்றின் ஒரு பிரிதான் இருந்தது!

1963 ஆகஸ்டில் காமராஜ் திட்டம் வந்தது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்றார் விருதுநகர்க்காரர். தானும் முதல்வர் பதவியை விட்டார். விலகியவர்களில் மொரார்ஜியும் ஒருவர். காலியான நிதி நாற்காலியில் டி.டி.கே. உட்கார்ந்தார். ஒருங்கிணைப்பு அமைச்சகம் கலைந்தது. அதன் வேலைகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போயின.

காமர்ஸ் படித்த புத்தி, எதற்கும் வரவு-செலவு எழுதிப் பார்க்கச் சொல்கிறது. இந்த அமைச்சகம் தன் கையால் ஒரு துப்பாக்கி செய்யவில்லை, ஒரு தோட்டா வார்க்கவில்லை. வரவுப் பக்கம் எழுத ஒன்றுமில்லை என்று பேரேட்டை மூடிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 1965-ல் பாகிஸ்தானோடு யுத்தம். அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுத சப்ளையை நிறுத்தின. அந்த நவம்பரில் 'பாதுகாப்பு சப்ளை துறை' என்று ஒன்று முளைத்தது. ராணுவம் இறக்குமதி செய்கிற சாமான்களை உள்நாட்டு ஆலைகளிலேயே செய்ய வைப்பது அதன் வேலை. சாதாரண ஆலையையும் ராணுவத்தையும் முடிச்சுப் போடுகிற அதே பழைய யோசனைதான். பின்னாளில் அது பாதுகாப்பு உற்பத்தித் துறையோடு இணைந்தது. பாதுகாப்பு உற்பத்தித் துறை இன்றைக்கும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு யுத்தம் தேவைப்பட்டது, நமக்கு இது உறைக்க!

ஆபத்து வந்தால் புதிதாக ஒரு இலாகா, அதற்கு நீளமாக ஒரு பெயர். ஆபத்து விலகினால் பெயர்ப் பலகை கழன்றுவிடும். இது நமக்குப் பழகிய கதை. தூத்துக்குடிக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கடலுக்குள் ஆள் இறங்கிய பிறகு, யார் கயிறு பிடிப்பது என்று அவர்கள் கூட்டம் போட்டுப் பேசியதில்லை.