டுகாட்டி: பழுதும் குணமும்

டுகாட்டி மீதான மோகத்தை வேகத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. வேகம் ஜப்பான் வண்டியிலும் உண்டு, மலிவாகவே. 1926-இல் பொலோனியாவில் வானொலி உறுப்புகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் இது. 1944-இல் குண்டுவீச்சில் ஆலை நொறுங்கியது. போருக்குப்பின் சைக்கிளில் மாட்டும் 48 சிசி எஞ்சினோடு திரும்பிவந்தது. அதன் குரைப்பைக் கேட்டு வைத்த பெயர் 'குச்சோலோ', நாய்க்குட்டி. மோகம் காதிலிருந்தே தொடங்கியிருக்கிறது எனலாம்.

1956-இல் பொறியாளர் ஃபாபியோ தால்யோனி பந்தய வண்டியில் டெஸ்மோட்ரோமிக் முறையைக் கொண்டுவந்தார். இதில் வால்வை மூடுவது ஸ்பிரிங் அல்ல, இன்னொரு ராக்கர். பின்னர் அது சாலைக்கும் வந்தது. வால்வு இடைவெளி பார்க்க மெக்கானிக்குக்குக் கொட்டி அழணும். உலர் கிளட்ச் வேறு தகரடப்பா மாதிரி சலசலக்கும். வேற வண்டியா இருந்தா ரிப்பேர்னு சொல்லியிருப்போம். இங்கே அதற்குப் பெயர் 'குணம்'. பழுதுக்கும் குணத்துக்கும் நடுவே கோடு போடுவது எஞ்சினல்ல, சொல்லாடல். 1972 இமோலா 200 வெற்றி அதன் தலபுராணம்.

2020-இல் அறிமுகமான மல்டிஸ்ட்ராடா வி4-இல் நிறுவனமே ஸ்பிரிங்குக்குத் திரும்பியது. வால்வு சோதனை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும் என்றானது. ஓட்டுகிறவருக்கு லாபந்தானே? ஆனால் பழைய பக்தர்களுக்கு உறுத்தியது. சிரமம்தானே அவர்களை வெறும் வாடிக்கையாளரிடமிருந்து பிரித்துக் காட்டியது! பந்தய வழிவந்த பானிகாலே வி4-இல் டெஸ்மோ நீடித்தது.