காசா, குப்பையா?

கடையில் வாங்கிய காசைச் சுண்டிப் பார்க்கும் பழக்கம் நம் தாத்தாக்களுக்கு இருந்தது. 'ணங்' என்று ஒலித்தால் நல்ல காசு. 'டப்' என்று விழுந்தால் செல்லாக் காசு. காதை வைத்தே உலோகத்தைத் தரம் பிரிக்கும் இந்த வித்தையை ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க, மனிதன் நூற்று நாற்பது வருடங்களுக்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கிறான். அந்த இயந்திரம்தான் மெட்டல் டிடெக்டர்.

நமக்குத் தெரிந்த மெட்டல் டிடெக்டர், ரயில் நிலைய வாசலில் நின்று சாவிக்கொத்துக்கும் கத்திக்கும் ஒரே மாதிரி 'பீப்' அடிக்கும் கதவு. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நீளமான பிடியின் நுனியில் வட்டத் தட்டு வைத்த கருவியை எடுத்துக்கொண்டு, லீவு நாளில் வயலிலும் கடற்கரையிலும் பழைய காசு தேடிப் போகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய தீராத தலைவலி ஒன்றுதான்: காலுக்கடியில் 'பீப்' அடிப்பது காசா, குப்பையா? தோண்டினால் தெரிந்துவிடும். ஆனால் எத்தனை குழிதான் தோண்டுவது?

படிப்பது வணிகவியல் என்பதால் 'காசு' என்றதும் நானும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். :) படித்து முடித்தபோது காசை விடக் குப்பைதான் சுவாரசியமாக இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

1879ஆம் ஆண்டு. லண்டனில் டேவிட் எட்வர்ட் ஹியூஸ் என்ற விஞ்ஞானி ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். பெயர் 'இண்டக்ஷன் பேலன்ஸ்', அதாவது தூண்டல் தராசு. தராசில் இரண்டு தட்டு இருப்பது போல இதில் இரண்டு ஜோடிக் கம்பிச்சுருள்கள். ஒரு பக்கம் ஒரு ஷில்லிங் நாணயம், மறுபக்கம் அதே போல இன்னொன்று. இரண்டும் ஒரே உலோகம், ஒரே எடை என்றால் டெலிபோன் ரிசீவரில் சத்தமே வராது. ஒன்று தேய்ந்திருந்தாலோ கள்ளக் காசாக இருந்தாலோ உடனே சத்தம் கேட்கும். நாணயத்தின் நாணயத்தைச் சோதிக்கும் கருவி என்று சொல்லலாம்! ஆக, இன்றைய டிடெக்டரின் முன்னோடி பிறந்த புதிதிலேயே 'நல்ல காசு எது?' என்ற கேள்வியையும் கேட்டுவிட்டது.

இரண்டே வருடத்தில் அந்தக் கருவிக்கு ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டிய வேலை வந்தது.

1881 ஜூலை 2ஆம் தேதி, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகில் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். குண்டு எங்கே என்று தெரியாமல் டாக்டர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் தேடினார்கள்.

டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் அப்போது உதவிக்கு வந்தார். ஹியூஸின் தராசை அடிப்படையாக வைத்து, உடலுக்குள் இருக்கும் ஈயக் குண்டைக் கண்டுபிடிக்கும் கருவியை ராப்பகலாக உழைத்துத் தயாரித்தார். உள்நாட்டுப் போரில் பாய்ந்த குண்டை உடம்பிலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்த பழைய சிப்பாய்கள் மீது சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது.

ஜூலை 26ஆம் தேதி ஜனாதிபதியிடம் முதல் சோதனை. கருவியில் ஒரு பாகத்தைத் தவறாக இணைத்திருந்ததால் ஒரே இரைச்சல். ஆகஸ்ட் 1ஆம் தேதி இரண்டாவது சோதனை. இந்த முறை லேசான சத்தம் கேட்டது. ஆனால் ஒரு புள்ளியில் அல்ல, பரவலான இடத்தில். பிறகுதான் தெரிந்தது, மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பி வலை பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது என்று. கம்பி வலைதான் காலை வாரிவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் பெல் அதே மாதிரி மெத்தையை வரவழைத்துச் சோதித்தபோது அதன் பாதிப்பு கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் பிளிஸ், குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று முன்பே முடிவு கட்டிவிட்டார். வலது பக்கத்தை மட்டும்தான் பெல் தேட முடிந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம் இருந்தது! குண்டை விட, கழுவாத விரல்களால் ஏற்பட்ட சீழும் தொற்றும்தான் அவரைக் கொன்றது என்பது இன்று பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து.

கருவி எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம் என்று அதைப் பிடித்திருக்கும் மனிதர்தான் முடிவு செய்கிறார். இந்தக் கதை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1937இல் கெர்ஹார்ட் ஃபிஷர் என்பவர் அமெரிக்காவில் கையடக்க டிடெக்டருக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி டிடெக்டர் 1942இல் எல் அலமைன் போரில் பயன்பட்டது. கண்ணிவெடி தேடுகிறவனுக்கு 'இது குப்பையாக இருக்கும், விட்டுவிடலாம்' என்ற யோசனையே வரக்கூடாது. சத்தம் வந்தால் நின்றே ஆக வேண்டும். போர் முடிந்து கருவி பொதுமக்கள் கைக்கு வந்ததும்தான் 'விட்டுவிடலாம்' என்ற ஆசை வந்தது.

அதற்கு ஏற்றாற்போல் 1960களில் ஒரு வில்லனும் வந்து சேர்ந்தான். பீர், சோடா டின்னை இழுத்துத் திறக்கும் அலுமினிய வளையம்தான் அது. இழுத்தால் கையோடு வந்துவிடும். குடித்தவர்கள் கடற்கரையிலும் பூங்காவிலும் வீசிவிட்டுப் போனார்கள். டின்னோடு ஒட்டியே இருக்கும் மூடி 1975இல் வந்தது. அதற்குள் அமெரிக்க மண் முழுக்க வளையங்கள் விதைக்கப்பட்டுவிட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியல். பயப்பட வேண்டாம், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். டிடெக்டரின் தட்டில் இருக்கும் சுருளில் மின்சாரம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறி ஓடுகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். அவை திருப்பி அனுப்பும் காந்த சமிக்ஞையை இன்னொரு சுருள் பிடித்துக்கொள்கிறது. வெள்ளி, செம்பு போன்ற நல்ல கடத்திகளில் இந்த மின்னோட்டம் அடங்க நேரமாகும், அதனால் பதில் தாமதமாக வரும். மெல்லிய அலுமினியத் தாளில் சட்டென்று அடங்கிவிடும். இரும்புக்குக் காந்தத் தன்மை இருப்பதால் அதன் பதிலே வேறு மாதிரி. இந்தத் தாமதத்தை அளந்து, குறிப்பிட்ட சில அளவுகள் வந்தால் வாயை மூடிக்கொள் என்று கருவிக்குச் சொல்வதுதான் 'டிஸ்கிரிமினேஷன்'. 1970களில் இது பரவலானது. பிறகு அந்த அளவை எண்ணாகத் திரையில் காட்டும் கருவிகளும் வந்தன.

அமெரிக்கக் காசுகளை வைத்துப் பார்த்தால் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்: அடியில் இரும்பு, அதற்கு மேல் அலுமினியத் தாள், 5 சென்ட் நாணயம், டின் வளையம், துத்தநாகத்தில் செய்த 1 சென்ட், உச்சியில் செம்பும் வெள்ளியும். 1982இல் 1 சென்ட் நாணயத்தைச் செம்பிலிருந்து செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாற்றினார்கள். அன்று முதல் ஒரே மதிப்புள்ள காசுக்கு இரண்டு குரல்!

தங்கம் எங்கே என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விதி சிரிக்கிறது. கருவி உலோகத்தின் பெயரை அளப்பதில்லை. கடத்துதிறன், பருமன், உருவம் எல்லாம் கலந்த ஒரு தொகையைத்தான் அளக்கிறது. அதனால் மெல்லிய தங்க மோதிரம், அலுமினியத் தாளுக்கும் டின் வளையத்துக்கும் நடுவில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. வளையம் வேண்டாம் என்று பொத்தானைத் திருப்பினால், யாரோ ஒருத்தியின் கல்யாண மோதிரமும் சேர்ந்து மௌனமாகிவிடும்.

புள்ளியியல் பாடத்தில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான். நல்லதைக் கெட்டது என்று ஒதுக்குவது ஒரு பிழை. கெட்டதை நல்லது என்று ஏற்பது இன்னொரு பிழை. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. குப்பையைத் தோண்டியவனுக்குத் தன் தவறு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மோதிரத்தைத் தாண்டிப் போனவனுக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாது.

அனுபவசாலிகள் திரையை மட்டும் நம்புவதில்லை. தட்டை ஒரு பக்கமாக வீசிப் பார்த்துவிட்டு, தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுவார்கள். காசு வட்டமானது. படுத்த நிலையில் இருந்தால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே குரல்தான். நசுங்கிய தகரத்துக்கு எண் குதிக்கும், குரல் உடையும். ஆனால் காசுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஆணி கிடந்தால் இந்த வித்தையும் பலிக்காது. ஆணி காசை மறைத்துவிடும்.

இதுவரை குப்பையை எதிரியாகவே பார்த்தோம். இனி அதன் பக்கத்து நியாயத்தையும் கேட்போம்.

1876 ஜூன் 25ஆம் தேதி, இன்றைய மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டர் என்ற அமெரிக்கத் தளபதியும் அவருடன் நின்ற 200க்கும் மேற்பட்ட வீரர்களும் லகோட்டா, செயென் பழங்குடியினருடன் மோதி அழிந்தார்கள். கஸ்டர் கடைசி மூச்சு வரை வளைத்து நின்று போராடினார் என்று ஓவியங்களும் சினிமாக்களும் சொல்லின. போரை நேரில் பார்த்த பழங்குடியினரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். அது பல இடங்களில் வேறு மாதிரி இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. குப்பை என்று ஒதுக்கினார்கள்.

1983இல் அந்தப் போர்க்களத்தில் புல் தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் டிடெக்டர் வைத்திருந்த தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். அவர்கள் தேடியது காசை அல்ல. காசு தேடுகிறவன் சலித்துக்கொண்டு தூக்கி எறியும் ஈயத் துண்டு, வெற்றுத் தோட்டா உறை, இரும்பு அம்பு முனை, இவற்றைத்தான். சத்தம் வந்த ஒவ்வொரு இடத்திலும் சின்னக் கொடி நட்டார்கள். கிடைத்த இடத்தை அளந்து குறித்தார்கள்.

துப்பாக்கியின் ஊசி தோட்டா உறையில் பதிக்கும் அடையாளம் கைரேகை மாதிரி. அதை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். சிப்பாய்களின் கையில் ஒவ்வொரு முறையும் குண்டு போட வேண்டிய ஒற்றைத் தோட்டா துப்பாக்கி இருந்தபோது, பழங்குடியினர் பலரிடம் தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகள் இருந்தது தெரிந்தது. படை ஒழுங்கு குலைந்து சிதறியது என்ற முடிவுக்கு ஃபாக்ஸ் வந்தார். பழங்குடியினர் சொல்லிவந்ததோடு அது பொருந்தியது. நூறு வருடமாக ஒதுக்கப்பட்ட சாட்சியத்துக்கு ஆதரவாக, நூறு வருடமாக மண்ணில் கிடந்த குப்பை வந்து சாட்சி சொன்னது.

கடைசியாக ஒரு சுத்தியல் கதை. 1992 நவம்பர் 16ஆம் தேதி, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற கிராமம். விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். பணி ஓய்வின்போது பரிசாகக் கிடைத்த டிடெக்டரை வைத்திருந்த எரிக் லாஸ் என்ற நண்பர் தேடித்தர வந்தார். சுத்தியலுக்குப் பதில் காசு, காசாக வந்துகொண்டே இருந்தது. அவர் செய்த பெரிய காரியம், முழுவதையும் தோண்டாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னதுதான்.

தொல்லியலாளர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். 15,000க்கு அருகில் ரோமானிய தங்க, வெள்ளிக் காசுகளும் நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் கிடைத்தன. அவசரப்பட்டுத் தோண்டியிருந்தால் சிதறிப்போயிருக்கும் மரத்துணுக்குகளும் கீல்களும் குட்டிப் பூட்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால்தான் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் சின்னப் பெட்டிகளில் அழகாக அடுக்கி, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைக்கப்பட்டவை என்று நமக்குத் தெரிகிறது. வெகுமதியாக 17.5 லட்சம் பவுண்டு கிடைத்தது. எரிக் லாஸ் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார்.

அந்தச் சுத்தியலும் கிடைத்தது. இரும்புச் சுத்தியல், எந்தக் கருவியும் குப்பை என்று சொல்லக்கூடிய பொருள். இன்று அதுவும் புதையலோடு சேர்ந்து பிரிட்டிஷ் மியூசியத்தின் சொத்து!

ஹியூஸின் தராசு முதல் இன்றைய கம்ப்யூட்டர் வைத்த கருவி வரை, இயந்திரம் சொல்வதெல்லாம் 'இங்கே இப்படி ஒன்று இருக்கிறது' என்பது மட்டும்தான். குப்பை என்ற சொல்லை நாம்தான் சேர்க்கிறோம். பிளிஸ் ஒரு பக்கத்தை ஒதுக்கினார், ஒரு ஜனாதிபதி செத்துப்போனார். பழங்குடியினர் சொன்னதை ஒரு நாடே ஒதுக்கியது, பொய்யான வரலாறு நூறு வருடம் ஓடியது.

எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டிருக்க முடியாதுதான். ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் எதை ஒதுக்கினோம் என்றாவது ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.