நகரா விசை

பழைய போர்ட்டபிள் தட்டச்சுப்பொறி சேகரிக்கிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்த மாடல்?’ என்றுதான். தமிழ்ப் பொறி என்றால் நான் வேறொன்று கேட்பேன்: புள்ளி எங்கே விழுகிறது?

பாகாயத்தில் என் மேசையில் இருப்பது ஒரு மலிவு மாடல். ஆம்பூர்ப் பக்கத்து டேனரி ஒன்றின் அலுவலகச் சாமான்களோடு காயலான் கடைக்கு வந்தது. ‘க்’ அடித்தால் புள்ளி தலையில் ஒட்டிக்கொள்ளும். ‘ண்’ணில் சரியாக உட்காரும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால் ‘ண’ நெருக்கியடித்து நிற்க, ‘ர’வைச் சுற்றி வெற்றிடம். பெரிய பொறிகளிலும் உள்ள கஷ்டம்தான் இது. மலிவுப் பொறியில் மறைக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

247 எழுத்தை நாற்பது சொச்சம் விசைகளுக்குள் அடைக்க வேண்டும். அதைச் செய்துகாட்டியவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர். அவருடைய பொறிகளை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் & நௌமான் கம்பெனி செய்துகொடுத்தது. ‘பிஜூ’ என்ற போர்ட்டபிளும் அவற்றில் ஒன்று.

சாதாரண விசையை அழுத்தினால் எழுத்து பதிந்ததும் வண்டி ஓர் இடம் நகரும். புள்ளிக்கும் இகர விலங்குக்கும் அது ஆகாது. அவற்றை அடித்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அதற்குத்தான் நகரா விசை. பிரெஞ்சுப் பொறிகளில் எழுத்தின் மேல் போடும் குறிகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் அங்கே எப்போதாவது வருவது, நமக்கு வார்த்தைக்கு வார்த்தை வரும். விளைவு என்ன தெரியுமா? புள்ளியை முதலில் அடித்து, ‘க’வைப் பிறகு அடிக்க வேண்டும்!

‘கு’, ‘மு’ போன்றவை இதற்கு மசியவில்லை. தனி விசை வாங்கிக்கொண்டன. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’களும் தொல்லைதான். பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் மாற்றிவிட்ட அந்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல்தான் மாற்றியது. எழுத்து இயந்திரத்துக்குப் பணிந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பனையோலைக்கும் எழுத்தாணிக்கும் ஏற்பவும்தானே நம் எழுத்து வளைந்தது?

சாஃப்ட்வேர்க்காரனாக என்னை உறுத்துவது வேறு. ‘கொ’ பொறியில் மூன்று அடி: ஒற்றைக்கொம்பு, ‘க’, கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி. காதில் விழும் வரிசை. யூனிகோடு செய்தது சரிதான். தேடலும் அகரவரிசையும் அதனால் சுலபமாயின. ஆனால் ரெமிங்டனிலும் ஹால்டாவிலும் கை பழகிய டைப்பிஸ்ட்டுகள்? கம்ப்யூட்டர் பரவி வெகுகாலம் ஆன பிறகும் தமிழக அரசின் இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் பொறியில்தான் நடந்தன. தேறியவர்கள் அலுவலகம் போனால் எதிரே கீபோர்டு.

அந்தக் கைகளுக்காகத்தான் பாமினி போன்ற எழுத்துருக்கள் தட்டச்சுப்பொறி அமைப்பை ஒட்டி வந்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் ‘ழ்’இன் புள்ளி. அது கடைசியில் நிற்கிறது. தட்டச்சுப் பள்ளியில் பழகிய விரல் அதை ‘ழ’வுக்கு முன்னால் தேடும்.