அலெக்சாந்திரியாவும் சித்திரகவியும்

கழக்கூட்டத்திலிருந்து கடலோரமாய் வடக்கே சென்றால் வர்க்கலையின் செங்குன்றுகளைக் காணலாம். கி. பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் இயற்றிய ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல் கூறும் ‘செம்மலை’ இதுவே எனக் கருதுவோர் உளர். இக்கரையோரம் ஏற்றிய மிளகும் தந்தமும் செங்கடலைக் கடந்து, ஒட்டகத்திலும் நைல் ஆற்றுப் படகிலும் ஏறி, அலெக்சாந்திரியாவை அடைந்தன. முசிறி வாணிகத்திற்கென எழுதப்பெற்ற கி. பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னா நகரில் இன்றும் உள்ளது.

அந்த அலெக்சாந்திரியாவில் பெரும் நூலகமும் ‘மியூசியம்’ என்ற புலவர் கழகமும் விளங்கின. கி. மு. 300 அளவில் ரோடுத் தீவுப் புலவர் சிம்மியாஸ் கோடரி, சிறகு, முட்டை வடிவங்களில் பாக்கள் யாத்தார். அலெக்சாந்திரிய அரசவையைச் சார்ந்த தியாக்கிரிட்டஸ் பெயரால் குழல் வடிவப் பா ஒன்று வழங்குகிறது. ஏட்ரியன் பேரரசர் காலத்துப் பலிபீடப் பா ஒன்றில், அடிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் அவரை வாழ்த்தும் தொடர் தோன்றும். அதனைப் பாடியவர் மியூசியத்தின் தலைவராயிருந்த வெஸ்தினஸ் என்பர்.

நம் தண்டியலங்காரம் சொல்லணியியலில் நாகபந்தம், சக்கரம், சுழிகுளம் முதலிய சித்திரகவிகளுக்கு இலக்கணம் வகுக்கிறது. மிளகு சென்ற வழியே இக்கலை இங்கு வந்ததோ என நாம் வினவுதல் இயல்பே. விடை காண, இரு கலைகளும் இயங்கும் முறையை நோக்குதல் வேண்டும்.

கிரேக்கப் பாவில் அடிகளின் நீளமே வடிவம் தருகிறது. சிறகுப் பாவின் அடிகள் படிப்படியாகக் குறுகிப் பின் நீளும். அவற்றை வரிசையாக எழுதிய அளவிலே சிறகு தோன்றிவிடும். நாகபந்தத்திலோ முதலில் பாம்புகளை வரைதல் வேண்டும். அவற்றின் உடல்களில் எழுத்துகளை அடைக்குங்கால், உடல்கள் பின்னும் இடந்தோறும் ஒரே எழுத்து இருவழிக்கும் பொதுவாய் நின்று பொருள் தரல் வேண்டும். உயிரும் மெய்யும் கூடி ஓரெழுத்தாய் நிற்கும் நம் எழுத்துமுறை இதற்குப் பெரிதும் துணைசெய்தது எனலாம்.

காலமும் கருதத்தக்கது. வடமொழியில் பாரவி தம் காவியத்தின் 15ஆம் சருக்கத்தில் இவ்வகைச் செய்யுட்களை அமைத்தார். 634ஆம் ஆண்டு ஐகொளைக் கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. தமிழில் 7ஆம் நூற்றாண்டினரான சம்பந்தர் மாலைமாற்றும் எழுகூற்றிருக்கையும் பாடினார். முசிறி ஒப்பந்தம் எழுதப்பெற்றுப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் இவை தோன்றின. அவ்வொப்பந்தம் சரக்கைச் சொல்கிறதேயன்றிச் செய்யுளைச் சொல்லவில்லை.

ஆதலின், ஒப்புமை கண்டவுடன் ஒருவரைக் கடன் கொடுத்தவராகவும் மற்றவரைக் கொண்டவராகவும் ஆக்குதல் பொருந்தாது. செவியால் மட்டும் துய்க்க இயலாத கவி இது; வானொலி நேயர்கள் நாகபந்தம் ஒன்றைத் தாளில் வரைந்து, எழுத்தெழுத்தாய் அடைத்துப் பார்ப்பாராயின் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.