சட்டம் இருந்தும் மலாக்கா ஏன் தடுமாறியது?

"சார், இந்த ரூல்ஸ் எல்லாம் எதுக்கு?" வகுப்பில் இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. இதற்கு அறிவுரை சொல்வதைவிட ஒரு வரலாற்றைச் சொல்லலாம். 15-ஆம் நூற்றாண்டு மலாக்காவின் வரலாறு அது.

மலாக்காவில் பெரிதாக எதுவும் விளையவில்லை. ஆனாலும் குஜராத், தமிழகம், ஜாவா, சீனா என எல்லாத் திசையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. அங்கே 84 மொழிகள் பேசப்பட்டதாகப் போர்த்துகீசியரான தோமே பிரேஸ் எழுதியிருக்கிறார். மொழியும் தெரியாது, முகமும் தெரியாது. பிறகு எந்த நம்பிக்கையில் சரக்கை இறக்கினார்கள்? விதிகள் மேல் இருந்த நம்பிக்கையில்தான்.

வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். எந்த நாட்டவர் யாரிடம் போக வேண்டும் என்பது முன்பே தெரியும். வந்த சரக்கைப் பத்து வணிகர்கள் கூடி மதிப்பிட்டார்கள். அவர்களில் ஐவர் தென்னிந்திய வணிகர்கள், ஐவர் பிற நாட்டவர்.

கடலிலும் விதி உண்டு. மலாக்கா கடல் சட்டப்படி, புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால் நகோடா, அதாவது கப்பல் தலைவர், தன் இஷ்டத்துக்கு எறிய முடியாது. கப்பலில் உள்ளவர்களைக் கலந்து பேசணும். நட்டத்தையும் அவரவர் சரக்குக்கு ஏற்ப எல்லாரும் பங்கு போட்டுக்கணும். இந்த விதி இல்லையென்றால் முதலில் கடலுக்குப் போவது யாருடைய மூட்டை? எளியவனுடையதுதானே!

எல்லாச் சட்டமும் நியாயமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஹுக்கும் கானுன் மலாக்காவில் அடிமைக்கு ஒரு தண்டனை, மற்றவருக்கு வேறு தண்டனை. ஆனாலும் எல்லை எது என்பது எழுத்தில் இருந்தது.

அந்த எல்லையை மேலே இருந்தவர்களே தாண்டியபோது என்ன நடந்தது? செஜாரா மெலாயு அதைச் சொல்கிறது. நினா சுரா டேவானா, ராஜா மெண்டெலியார் என்ற இரு வணிகர்களுக்குள் ஒரு வழக்கு. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் பெண்டாஹாரா துன் முத்தாஹிர். விசாரணைக்கு முதல் நாள் இரவே நினா சுரா டேவானா அவருக்குத் தங்கம் கொடுத்தார். செய்தி திரிந்து எதிராளியின் காதுக்குப் போனது. பயந்துபோன ராஜா மெண்டெலியார், பெண்டாஹாரா துரோகம் செய்யத் திட்டமிடுகிறார் என்று லக்சமானாவிடம் சொன்னார். அவருக்கும் செல்வம் கொடுத்தார். ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்த சுல்தான் மஹ்மூட் ஷா தீர விசாரிக்கவில்லை. 1510-இல் பெண்டாஹாராவும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அடுத்த ஆண்டே, 1511-இல், மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்தது.

மாணவர்களே, வீழ்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அல்புகர்க்கின் கப்பற்படையும் பீரங்கிகளும் உண்டு. ஆனால், எதிரி வந்தபோது அரண்மனைக்குள் நம்பிக்கை குலைந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மலாக்காவில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அது கப்பல் கூலியாளுக்கும் பெண்டாஹாராவுக்கும் சுல்தானுக்கும் ஒன்றாகப் பொருந்தவில்லை; அதுதான் குறை. 'ரூல்ஸ் எதுக்கு' என்று அடுத்த முறை ஒரு மாணவர் கேட்டால் கோபப்பட வேண்டாம். "இந்த விதி எனக்கும் உண்டு, உனக்கும் உண்டு" என்று சொல்லிவிட்டு, அப்படியே நாமும் நடந்து காட்டுவோம்.