பழைய 49-இன் இரண்டு முனைகள்

போடியில் விடியுமுன் புல்லட்டை உதைத்துக் கிளப்பினால், மதுரையில் இட்லியை முடித்துக்கொண்டு, உச்சி வெயிலுக்குள் பாம்பன் பாலத்தில் ஏறிவிடலாம். மலையடிவாரத்திலிருந்து கடல் நடுவுக்குச் சுமார் 250 கிலோமீட்டர். மலையையும் விட்டுவைக்க மனமில்லாதவர்கள் மூணாற்றிலேயே கிளம்பி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருவார்கள். காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் வியர்வை. வார இறுதிகளில் முதுகுப்பையும் தலைக்கவசக் கேமராவுமாக இப்படி வரும் கூட்டம் இப்போது அதிகம். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாதுதான். ஆனால் கீழே நீலமும் பச்சையுமாகக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் போகிறவர் குறைவு.

இந்தச் சாலைக்கு நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர். கொச்சியில் தொடங்கி, மூணாறு, போடி, தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடியில் முடியும். 2010இல் எண்களை மாற்றியபோது மேற்கே 85 என்றும் கிழக்கே 87 என்றும் ஆக்கிவிட்டார்கள். எண் போனாலும் உறவு போகவில்லை. கொச்சிப் பக்கத்தை விட்டுவிட்டால் மிஞ்சும் மலை முனை, கடல் முனை இரண்டுக்கும் ஒரே மாதிரியான பழைய கதை ஒன்று உண்டு: இரண்டு இடத்திலும் முதலில் ரயில் ஓடியது, இரண்டையும் தண்ணீர் கொண்டுபோனது.

மலைக் கதை சுருக்கமானது. 1902இல் மூணாற்றுத் தேயிலைத் தோட்டக்காரர்கள் டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள், இழுத்தவை மாடுகள். 1908இல் அது குறுகிய பாதை நீராவி ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. 1924 ஜூலையில் மலையாளக் கணக்கில் ‘தொண்ணூற்று ஒன்பதாம் வெள்ளம்’ என்று சொல்லப்படும் பெருமழை பெய்து, பாதையை இருந்த சுவடு தெரியாமல் சிதைத்தது. மறுபடி யாரும் தண்டவாளம் போடவில்லை.

பாம்பன் கதை அப்படிச் சட்டென்று முடிவதல்ல. பாலம் வருமுன் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குப் படகுதான். சேதுவுக்கு நடந்து வந்த யாத்திரிகர்களுக்காக ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டிவைத்தார்கள். காற்றும் கடலும் சம்மதிக்கும்வரை கரையில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கியது பாம்பனில். அன்று பாஸ்கர சேதுபதியின் சாரட்டில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மக்களோடு ராஜாவும் சேர்ந்து இழுத்தார். தீவின் போக்குவரத்து வரலாற்றில் இதைவிட மரியாதையான வாகனம் வேறு இல்லை.

1914 பிப்ரவரி 24 அன்று ரயில் பாலம் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம். நடுவில் கப்பல் போக ஷெர்சர் தூக்குப் பாலம். ஊழியர்கள் கையால் நெம்பிச் சுற்ற, இரண்டு இறக்கைகளும் மெல்ல மேலெழும். எழும்பூரில் ஏறி, ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி போய், கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேரலாம். ‘போட் மெயில்’ என்று ஊரே சொன்ன வண்டி அது. கப்பல்களுக்கு கோஷன், இர்வின் என்று வெள்ளைக்காரப் பிரபுக்களின் பெயர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் வேலைதான் தன் முதல் சம்பாத்தியம் என்று அப்துல் கலாம் பிற்காலத்தில் எழுதினார்.

சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து 1955இல் கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்யக் கிளம்பியபோது, அந்த புல்லட்டை ஓட்டிக்கொண்டு தனுஷ்கோடி போக வழி கிடையாது. மண்டபத்தோடு சாலை நின்றுவிடும்.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் புயலோடு கடல் எழுந்து வந்தது. பெட்டிகளும் உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் போனார்கள், ஊரும் போனது. ரயில் நிலையம், தேவாலயம், தபால் அலுவலகம் என்று இன்று படம் எடுக்கப்படும் மொட்டைச் சுவர்கள் அந்த இரவின் மிச்சம். பாம்பன் பாலத்தின் இரும்பு உத்தரங்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தன. தூணும் தூக்குப் பகுதியும் நின்றன. பழுது பார்க்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். ஆனால் ராமேஸ்வரத்துக்கு மட்டும்தான் ரயில் திரும்பியது. தனுஷ்கோடிக்கு இன்றுவரை இல்லை.

சாலைப் பாலத்துக்கு 1974இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1988 அக்டோபர் 2 அன்று திறந்துவைத்தவர் அவர் மகன் ராஜீவ். பாலத்துக்கு அம்மாவின் பெயர். 2.3 கிலோமீட்டருக்கு 14 ஆண்டு என்பது அரசு வேகம் என்று சிரிக்கத் தோன்றலாம். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் முட்டிக்கொள்ளும் அந்த நீரோட்டத்தில் தூண் இறக்கியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். மோட்டார் சைக்கிளுக்கு அப்படி யாரும் சிக்னல் போடுவதில்லை. கச்சான் காற்று ஓங்கும் மாதங்களில் பாலத்தின் நடுவே ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கும். பின்னால் உட்கார்ந்தவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

அதன் பிறகும் தனுஷ்கோடி மணலாகவே இருந்தது. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடியும். பைக்கை அங்கே விட்டுவிட்டு, வேனுக்குள் நெருக்கியடித்து ஏறி, உப்பு நீர் தேங்கிய சேற்றில் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். 2017 ஜூலை 27 அன்று அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறந்தது. வலப்பக்கம் ‘ஆண் கடல்’, இடப்பக்கம் ‘பெண் கடல்’ என்று மீனவர்கள் பிரித்துச் சொல்வது ஹெல்மெட் கண்ணாடி வழியாகவே தெரியும்: ஒன்று அலையடிக்கும், மற்றது குளம் போல் கிடக்கும். மலையில் வளைவுக்கு வளைவு கியர் மாற்றி வந்தவருக்கு இங்கே கைக்கு வேலையே இல்லை. தீவின் உயரமான இடமான கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான். பெயரில் பர்வதம் இருப்பதை நம்பி மலையைத் தேட வேண்டாம்.

2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ஓட்டம் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, கை வலிக்க நெம்பாமல், லிஃப்ட் போல நேராக மேலே போகிறது.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை. மலை முனையில் போடிக்கு 2023இல் அகலப் பாதை ரயில் திரும்பிவிட்டது. அதற்கு மேல் மலை ஏற டயர்தான். ஆகவே பழைய 49-இன் இந்த இரண்டு முனைகளையும் ஒரு பகலில் தொட நினைப்பவர் வண்டியைத்தான் நம்ப வேண்டும். மூணாற்றில் கிளம்பினால் முழுப் பகலும் ஓட்டம். அரிச்சல்முனையில் இருட்டும்வரை இருக்க விடமாட்டார்கள். போலீஸ் மாலையிலேயே திருப்பி அனுப்பிவிடும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.